ரூமிலும் ஷாப் ஃப்ளோரிலும் ஒரே கரண்ட் கணக்கு

ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ ஃபேக்டரி வேலை கிடைத்து, நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: தனி ஈ.பி. மீட்டரா, சப் மீட்டரா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் என்றால் பல இடங்களில் முதல் யூனிட்டிலிருந்தே ஹவுஸ் ஓனர் சொல்லும் ரேட்தான்.

கணக்கு எளிது. வாட்ஸை மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். ஷிஃப்ட் மாறி மாறி ஆள் தூங்கும் ரூமில் ஃபேன் நிற்பதே இல்லை. 75 வாட்ஸ் ஃபேன் நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 90 யூனிட். வாளியில் போடும் 1,500 வாட்ஸ் ஹீட்டர் ராடு? ஆளுக்கு 20 நிமிடம், நாலு பேருக்கு 80 நிமிடம். அதுவே நாளுக்கு 2 யூனிட், பில்லுக்கு 120. நாள் முழுக்க ஓடும் ஃபேனைவிட, காலையில் சற்று நேரம் போடும் ராடுதான் அதிகம் தின்கிறது. சூடாக்கும் எதையும் முதலில் சந்தேகப்படுங்கள்: ராடு, இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ்.

ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் விட்டு விட்டு ஓடுபவை. அவற்றுக்கு வாட்ஸ் கணக்கு சரிவராது, ஸ்டார் லேபிளைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலிருந்து லாரி ஏறும் ஃபிரிட்ஜிலும் அது ஒட்டியிருக்கும். ஃபிரிட்ஜ் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 6-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கு வரும்: 180 என்றிருந்தால் 30. ஏ.சி. லேபிள் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் என்று வைத்துப் போட்டது. 800 யூனிட் என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் போட்டால் 60 நாளில் 240.

இப்போது கூட்டுங்கள். ஏ.சி. 240, இரண்டு ஃபேன் 180, ராடு 120, ஃபிரிட்ஜ் 30. மொத்தம் 570. இங்கேதான் அடி விழுகிறது. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை ரேட் போய்விடும். 2022 செப்டம்பர் ரேட்டில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024 ஜூலையில் ரேட் சற்று ஏறியது. இந்தத் தாவல் போகவில்லை. இரண்டு ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேனாக மாற்றினால் 570 என்பது 462 ஆகும். அதே 2022 ரேட்டில் 2,510 ரூபாய் பில் 1,497-க்கு இறங்கும்.

கணக்கில் சந்தேகமா? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்றிருந்தால், 1,500 வாட்ஸ் ராடுக்கு நிமிடத்துக்கு 80 முறை மின்ன வேண்டும்.

இதே பழக்கத்தை ஷாப் ஃப்ளோருக்குக் கொண்டுபோங்கள். அழுத்தக் காற்று லைனில் 'உஸ்' சத்தம் கேட்டால் கடந்து போகாதீர்கள்: கசியும் காற்றும் கம்ப்ரஸர் தின்ற கரண்ட்தான். உற்பத்தி இல்லாத நாளில் மெயின்டனன்ஸ் ஆட்களோடு கம்ப்ரஸரைக் கவனியுங்கள்: லோடில் (காற்றை அழுத்தியபடி) எத்தனை நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) எத்தனை நிமிடம்? லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் சதவீதம் வந்துவிடும். மேம்பாட்டு யோசனை எழுதும் கைசன் ஷீட்டில் "கரண்ட் மிச்சமாகும்" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யூனிட் எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று எழுதுங்கள். கம்பெனியின் யூனிட் ரேட் வீட்டு ரேட் அல்ல. மெயின்டனன்ஸில் கேட்டுப் போடுங்கள்.

இதில் ஆர்வம் பிடித்தால் மேலே ஒரு படி உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வுகளை நடத்துகிறது. எரிசக்தி அதிகம் செலவழிக்கும் குறிப்பிட்ட தொழிற்சாலைகள் இப்படித் தேர்வான எனர்ஜி மேனேஜரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பொறியியல் பட்டதாரிக்கு எரிசக்தி சார்ந்த 3 ஆண்டு அனுபவம் வேண்டும். மேனேஜர் தேர்வுக்கு டிப்ளமோ என்றால் 6 ஆண்டு. வேலை மாறும்போது அனுபவச் சான்றிதழில் நீங்கள் செய்த எரிசக்தி வேலையையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.