சுவருக்குள் புகுந்த படலம்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த ஊர் மணவாள நகர். அங்கிருந்து நாள்தோறும் காலையில் பெண்கள் பலர் காக்களூர் தொழிற்பேட்டைக்கும், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலைகளும் அவற்றில் உண்டு. இவர்களைப் போன்ற நாற்பது வயதுத் தாய்மார்கள் சிலர், "மாதாமாதம் ரொம்ப அதிகமாகப் போகிறது, இடுப்பு கழன்றுவிடும் போல வலிக்கிறது" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். "அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்பதே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். இந்தப் பதில் சரிதானா? உயிரியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கருப்பையின் அமைப்பு

கருப்பை தலைகீழாக வைத்த பேரிக்காய் போன்ற வடிவுடையது. நீளம் சுமார் 7.5 செ.மீ.; அகலம் சுமார் 5 செ.மீ. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே மெல்லிய உறை. நடுவில் தடித்த தசை. உள்ளே சுரப்பிகள் நிறைந்த மென்மையான உட்படலம். சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்களின் தூண்டுதலால் இந்த உட்படலம் ஒவ்வொரு மாதமும் தடித்து வளர்கிறது. கரு தங்காவிட்டால் அது உதிர்ந்து இரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். அப்போது நடுத்தசை சுருங்கி, திறந்த இரத்தக் குழாய்களை நெரித்து, இரத்தப் போக்கை அடக்குகிறது.

சிலருக்கு உட்படலத்தின் சுரப்பிகள் தம் எல்லையைக் கடந்து தசைக்குள் இறங்கிவிடுகின்றன. பாத்தியில் இருக்க வேண்டிய அருகம்புல் வரப்புக்குள் வேரோடுவதைப் போன்றது இது. தசைக்குள் புகுந்த திட்டுகளும் மாதந்தோறும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு வீங்குகின்றன, கசிகின்றன. ஆனால் அந்தக் கசிவு வெளியேற வழியில்லை. சுற்றியுள்ள தசை தடித்து, கருப்பை பருத்து உருண்டையாகிறது. பருத்த தசையால் ஒழுங்காகச் சுருங்க முடிவதில்லை. எனவே வலியும் மிகுகிறது, இரத்தப் போக்கும் மிகுகிறது. இந்நிலைக்கு அடினோமயோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'அடென்' என்றால் சுரப்பி. 'மயோ' என்பது தசையைக் குறிக்கும்.

இது புற்றுநோய் அன்று, ஒட்டுநோயும் அன்று. பிரசவத்தின்போதோ அறுவையின்போதோ உட்படலத்துக்கும் தசைக்கும் இடையிலுள்ள எல்லை சிதைவது ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதுகின்றனர். குழந்தை பெற்ற, 35 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்களிடம் இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை.

இதன் உறவினர்கள்

இதே தொல்லைகளைத் தரும் வேறு கோளாறுகளும் உண்டு. தசையில் தனித்தனி உருண்டைகளாக எல்லை கட்டி வளர்வன நார்க்கட்டிகள்; பட்டாணி அளவிலிருந்து தேங்காய் அளவுவரை இவை வளரக்கூடும். உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை போன்ற இடங்களில் வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். உட்படலத்திலிருந்து காம்புடன் தொங்கும் சதை வளர்ச்சி பாலிப். தைராய்டு சுரப்பியின் குறைபாடும் உதிரப் போக்கை மிகுவிக்கலாம். ஆகவே வெளி அடையாளத்தை மட்டும் வைத்து எந்த நோய் என்று முடிவு கட்ட முடியாது.

வெளியே எடுத்துத்தான் பார்க்க முடிந்த காலம்

இந்நோயை 1860இல் வியன்னா நகரின் நோய்க்குறியியல் அறிஞர் ரொக்கிடான்ஸ்கி முதலில் விவரித்தார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த தாமஸ் கல்லன் 1908இல் இதைப்பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இன்றைய பெயரை 1925இல் வழங்கியவர் ஃபிராங்க்ல். ஆனால் இவர்கள் அனைவருக்கும் ஒரு தடை இருந்தது. நோயைக் காண வேண்டுமானால், அறுவை செய்து அகற்றிய கருப்பையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கருப்பையை இழந்த பிறகே ஒரு பெண்ணுக்குத் தன் நோயின் பெயர் தெரியும்!

இந்த நிலையை மாற்றியது இயற்பியல். மனிதச் செவிக்குக் கேட்காத மீயொலி அலைகளை உடலுக்குள் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் படமாக்கும் முறை வந்தது. 1980களில் காந்தப் புலத்தைக் கொண்டு உறுப்புகளைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் சேர்ந்துகொண்டது. இன்று கத்தியின்றியே தசைக்குள் இருக்கும் திட்டுகளைப் பார்க்கலாம். ஸ்கேன் அறிக்கைகளில் 'பல்க்கி யூட்டரஸ்' என்று எழுதியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 'பருத்த கருப்பை' என்பதே அதன் பொருள். அது நோயின் பெயரன்று. ஏன் பருத்தது என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இரும்புக் கணக்கு

வலியைவிட மறைவாகத் தாக்குவது இரத்தசோகை. இதை ஒரு வரவு செலவுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 மி.கி. இரும்பை உறிஞ்சுகிறது எனக் கொள்வோம். 30 நாளில் வரவு 45 மி.கி. தோல், குடல் வழியாக இயல்பாக இழப்பது மாதம் ஏறத்தாழ 24 மி.கி. மீதி 21 மி.கி. ஒரு மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ அரை மி.கி. இரும்பு உண்டு. இயல்பான மாதவிடாயில் 40 மி.லி. இரத்தம் போனால் செலவு 20 மி.கி. கணக்கு நேராகிவிட்டது!

இழப்பு 80 மி.லி.க்கு மேற்பட்டால் அது மிகைப் போக்கு. 120 மி.லி. போகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 60 மி.கி.; மாதந்தோறும் பற்றாக்குறை 39 மி.கி. உடலின் சேமிப்பில் 300 மி.கி. இரும்பு இருந்தாலும், எட்டு மாதங்களில் அது காலி. உடல் சற்றுக் கூடுதலாக உறிஞ்சி ஈடுகட்ட முயலும். ஆனால் முழுதும் இயலாது. பிறகு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கும். ரயில் நிலையப் படியேறினால் மூச்சு வாங்கும். நின்று வேலை செய்யும்போது தலை சுற்றும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. உணவுக் குறைபாடும் இதற்குப் பெருங்காரணம். மிகைப் போக்கு அதனுடன் சேரும்போது நிலை மோசமாகிறது.

தீர்வு என்ன?

இரும்புச் சத்து மாத்திரை, வலி குறைக்கும் மருந்து, உதிரப் போக்கைக் குறைக்கும் மருந்து, ஹார்மோன் மாத்திரை எனப் பல வழிகள் உள்ளன. கருப்பைக்குள் பொருத்தப்பட்டு, சிறிது சிறிதாக ஹார்மோனை வெளியிடும் கருவியும் உண்டு. அது ஐந்து ஆண்டுகளேனும் பயன்படும். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவதால் அடினோமயோசிஸும் பெரும்பாலும் தணிந்துவிடும். இவை பயன்படாதபோது கருப்பையை அகற்றுவது நல்ல சிகிச்சையே. ஆனால் அது முதல் படியன்று. கருப்பையுடன் சினைப்பைகளையும் இளம் வயதில் அகற்றிவிட்டால், எலும்புகள் விரைவில் வலுவிழக்கும்.

தேவையின்றிக் கருப்பை அகற்றும் அறுவைகள் நம் நாட்டில் நடந்துள்ளன. அவற்றைத் தடுக்க மத்திய அரசு 2022இல் நெறிமுறைகள் வகுத்தது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. இத்தகைய இடங்களில் தயக்கமின்றிக் காட்டலாம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் இரத்தம் பட்டாலோ, இடையிடையே பட்டாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும். பள்ளி மாணவியருக்கும் இது பொருந்தும்: சிறு வலி இயல்பு, மாதந்தோறும் பள்ளிக்கு விடுப்பெடுக்க வைக்கும் வலி இயல்பன்று.

நீங்களே செய்யலாம்

1. மாதவிடாய் தொடங்கிய நாள், நின்ற நாள், நாளொன்றுக்கு மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, கட்டி கட்டியாகப் பட்டதா, வலித்த நாள்கள் ஆகியவற்றை மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்துவைக்க உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். மாணவர்களும் தயங்காமல் சொல்லலாம். மருத்துவருக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

2. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைக் கூட்டும். உங்கள் வீட்டில் எது வழக்கம் என்று கவனியுங்கள்.

3. ஒருவருக்கு மாதந்தோறும் 100 மி.லி. இரத்தம் போகிறது. மேலே கண்ட கணக்கின்படி, 300 மி.கி. இரும்புச் சேமிப்பு எத்தனை மாதங்களில் தீரும்?