பிள்ளைப்பேறு: மாத்தளைத் தோட்டக் குடும்பங்களுக்கு

இரத்தோட்டை, எல்கடுவ போன்ற மலைத்தோட்டங்களில் முன்கூட்டிய ஆயத்தமே தாய்க்கும் பிள்ளைக்கும் காவல்.

• மாதவிலக்கு தள்ளிப்போனதும் மருத்துவ மாதுவிடம் பதியுங்கள். 8 வாரத்துக்குள் பதிவது நல்லது.

• இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள். சத்து உடலில் சரியாகச் சேராது. தாய்க்குத் தரும் திரிபோஷாவைத் தாயே சாப்பிடட்டும்.

• லயத்திலிருந்து வீதிக்கு வர யாருடைய வாகனம் என்று முன்பே பேசி வையுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கர்ப்பிணி அட்டை பையிலேயே இருக்கட்டும்.

• இரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல்: உடனே ஆஸ்பத்திரி.

• பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். 6 மாதம்வரை பிள்ளைக்குத் தண்ணீரும் வேண்டாம்.

• அப்பாமாரே, சமையலும் துவையலும் உங்கள் பொறுப்பு. தாயின் அழுகையும் சோர்வும் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.