அந்த ஹெரால்டை என்ன செய்வது?

அன்புள்ள தம்பிக்கு,

திருச்சி தில்லை நகரில் இடிக்கப்போகும் ஒரு வீட்டின் ஷெட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று நிற்கிறது, எடுத்துச் செய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கதவுகளின் அடிவிளிம்பு அரித்துப் போயிருக்கிறது. டிக்கியின் ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. பானெட்டில் பெயின்ட் கொப்பளித்துக் கிடக்கிறது. பார்க்கிற யாரும் காயலான் கடைக்கு ஃபோன் போடத்தான் சொல்வார்கள். படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; நீயும் சொல்லாதே. ஹெரால்டில் முதலில் கண்ணில் படுகிற துரு பெரும்பாலும் வண்டியைக் கொல்லும் துரு இல்லை.

அந்த வண்டி உருவான விதம் அப்படி. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது, முழு பாடியையும் ஒன்றாகச் செய்து தர வெளியே ஆள் கிடைக்காததால், தனிச் சேஸி போட்டு அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டினார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதையே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் 948 சிசி என்ஜினோடு செய்து விற்றது. நம் மாநிலத்திலேயே பிறந்த கார். பானெட், கதவு, டிக்கி, கதவுக்குக் கீழே ஓடும் பக்கத் தகரம் என்று எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. ஃபியட் 1100-ம் அம்பாசடரும் அப்படியில்லை. அவற்றில் பாடிதான் சேஸி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம் போனால் வண்டியின் முதுகே போனது. அவற்றை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்; உரசினாலோ இடைவெளி மாறினாலோ உள்ளே சத்து இல்லை.

ஆகவே ஹெரால்டுக்கு முதல் கேள்வி சேஸிதான். மல்லாந்து படுத்து அடியில் போ. சின்னச் சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வா. நல்ல இரும்பு கணீரென்று பேசும், உளுத்தது தொப்பென்று அடங்கிவிடும். தொப்பென்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்து. டிஃபரன்ஷியல் உட்காரும் இடத்தையும் அதற்குப் பின்னால் டிக்கிக்கு அடியில் ஓடும் பகுதியையும் அவசரப்படாமல் பார். பக்கத் தாங்கிகள் போயிருந்தால் பயப்படாதே. அவற்றைப் புதிதாகச் செய்து பற்றவைக்கலாம். நடுவில் ஓடும் இரண்டு முக்கியச் சட்டங்களும் நீளத்துக்கு உளுத்திருந்தால் அது வேறு கதை. பிறகு டேப் எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அள. இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் எப்போதோ பெரிய அடி வாங்கிய வண்டி. பாடியில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார். பிடிக்காத இடமெல்லாம் தகரம் இல்லை, பட்டி.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். திருச்சி கடலோர ஊர் இல்லை, உப்புக்காற்று அரிப்பு இங்கே இல்லை. ஆனால் 1977 நவம்பரில் புயல் வெள்ளம் இந்த நகரத்துக்குள் புகுந்தது, 2005-லும் புகுந்தது. தண்ணீர் ஏறிய ஷெட்டில் நின்ற வண்டி என்றால் சீட் தண்டவாளத்துக்கு அடியிலும் கதவுகளுக்கு உள்ளேயும் மாவு போன்ற வண்டல் படிந்திருக்கும். அந்த வண்டல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்னும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது. வெளியே கொப்புளம் தெரிந்தால் உள்பக்கம் ஏற்கெனவே ஓட்டை என்றே வைத்துக்கொள். வெள்ளமே வராவிட்டாலும் கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் அடைத்திருந்தால் மழைநீர் போதும். ஸ்ரீரங்கம் கோயில் புனரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பழைய மழைநீர் வழிகளை மீட்டதும் அந்தப் பணியில் ஒரு பகுதி. கல்லுக்கே தண்ணீர் வடிய வழி வேண்டும் என்றால் தகரத்துக்குக் கேட்கவா வேண்டும்? தண்ணீர் எங்கே நின்றது என்று கண்டுபிடிக்காமல் எந்தத் தகரத்தையும் வெட்டாதே.

என்ஜினுக்காக அதிகம் கவலைப்படாதே. இறுகிப்போயிருந்தால் பேட்டரி போட்டுச் சுழற்றாதே. பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு ஊறவை, பிறகு கையால் அசைத்துப் பார். என்ஜின் வேலைக்குச் செலவை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். தகர வேலைக்குச் சொல்ல முடியாது. ஒரு இடத்தை வெட்டினால் பக்கத்தில் இன்னொன்று கொட்டும். நம் ஊரில் வெல்டருக்குப் பஞ்சமில்லை. பெல் ஆலையும் 1975 முதல் அங்கேயுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர் இது. சேஸியை அவர்கள் கையில் தைரியமாகக் கொடு. ஆனால் பாய்லர் பிளேட்டில் பழகிய கை, காரின் மெல்லிய தகரத்தில் சூட்டைக் கூட்டி நெளித்துவிடும். பாடிக்குப் பழைய டிங்கர் ஒருவரைத் தேடு. அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உளுத்ததையெல்லாம் மனத்துக்குள் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுது. சேஸி நிற்கிறதா, பாடியில் பாதியாவது நிற்கிறதா, அதே என்ஜினா? மிச்சமிருப்பதைவிட நீ புதிதாகச் செய்து சேர்ப்பது அதிகம் என்றால், நீ பழைய காரைக் காப்பாற்றவில்லை, புதுக் கார் ஒன்றைக் கட்டுகிறாய். கட்டுவதில் தப்பில்லை. பொன்மலை ரயில்வே பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி என்ஜின்களைப் பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்து தந்தது. அவை புது என்ஜின்கள் என்பதை யாரும் மறைக்கவில்லை. நீயும் வண்டியின் சொந்தக்காரரிடம் அப்படியே சொல். தாத்தா ஓட்டிய வண்டி என்ற நம்பிக்கையில் பணம் கொடுப்பவரிடம், தாத்தா தொட்ட தகரம் இதில் ஒன்றுமில்லை என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் இருக்கும், சேஸியிலோ பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் செய்யாத வண்டிதான் வின்டேஜ் என்று பதிவாகும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக ஆசைப்படும் சொந்தக்காரருக்கு இதை முதலிலேயே விளக்கு.

உன் படங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. அந்த வண்டிக்கு நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் விற்கவே இல்லை. இந்தியாவில் மட்டும் செய்தது, மார்க் 3. என்ஜின் சாமான், பிரேக் சாமான் இங்கிலாந்திலிருந்து இன்றும் வரவழைக்கலாம். அந்தப் பின்கதவை உலகில் வேறெங்கும் வாங்க முடியாது. உன் படத்தில் முன்கதவுகள் போயிருக்கின்றன, பின்கதவுகள் ஓரளவு தேறும்போல் தெரிகிறது. சேஸி தேறாவிட்டாலும் அந்த இரண்டு கதவும், கண்ணாடிகளும், பீடிங்கும், விளக்கு வளையங்களும் வேறொரு ஹெரால்டை ஓடவைக்கும். அப்படிப் பிரித்துக் கொடுப்பதைத் தோல்வியாக நினைக்காதே. கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் 2015-ல் திறந்த ஜீடீ கார் மியூசியத்துக்கு ஒருமுறை போ. பழைய வண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று, இதற்குச் சாமான் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்.

என் முடிவு இது: நடுச்சட்டங்கள் இரண்டும் சுத்தியலுக்குக் கணீரென்றால் எடு, எவ்வளவு துரு இருந்தாலும் எடு. இல்லையென்றால் பிரி, ஒரு போல்ட்டைக்கூடக் காயலான் கடைக்கு விடாதே. இரண்டில் எதுவானாலும், வீட்டை இடிக்க ஜேசிபி வருவதற்குள் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடு. அதற்கும் முன்னால் அந்த வீட்டார் பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொல், சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார். வண்டி இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கைமாறி ஆளுக்கொரு ஊராகப் போவதற்குள் அந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்