பாலாற்றங்கரையில் ஒரு பொருளியல் பாடம்

பொருளியல் என்றால் வளைகோடுகளும் வாய்பாடுகளும் என்ற எண்ணம் நம் மாணவரிடையே உண்டு. வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. நமக்கு எங்கே என்று கேட்பாரும் உளர். அரசின் ஒரு திட்டம் பயன் தந்ததா? தொழிலாளியின் கூலி எவ்வாறு முடிவாகிறது? ஆலைக் கழிவுக்கு விலை கொடுப்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் செவிலிமேட்டைச் சுற்றியே விடை தேடலாம்.

ஊரைப் படித்த மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். அவர் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊர்களை ஆராயச் சொன்னார். நிலம், கடன், கூலி பற்றி அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுள் ஒன்று தூசி. செவிலிமேட்டுப் பாலத்தைக் கடந்தால் சிறிது தொலைவில் உள்ள அதே தூசிதான்! பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1936-37இல் சிலேட்டரின் ஊர்களை மறு ஆய்வு செய்தனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் குகனும் பரதனும் தூசியின் மறு ஆய்வை 1984இல் வெளியிட்டனர். ஒருமுறை எடுத்த கணக்கு நிலையைக் காட்டும். மீண்டும் எடுத்த கணக்கே மாற்றத்தைக் காட்டும்.

மாற்றம் வேறு, காரணம் வேறு

1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதன்பின் ஓர் ஊரில் பள்ளி வருகை கூடினால், அது உணவால் மட்டும் விளைந்ததா? புதிய சாலையும் உயர்ந்த கூலியும் காரணமாகலாம் அல்லவா? எனவே, "திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்பதே பொருளியலார் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு ஒப்பிட மற்றோர் இடம் வேண்டும்.

அமெரிக்காவில் 1992இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. டெலவேர் ஆற்றின் அக்கரையிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் இருவரும் இரு பக்கத்து உணவகங்களிலும் முன்னும் பின்னும் வேலையாட்களைக் கணக்கெடுத்தனர். கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்ற பாடநூல் விளைவு அங்கே காணப்படவில்லை. கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

நமக்கும் ஓர் ஆறு உண்டு. செவிலிமேடு காஞ்சிபுரம் மாவட்டம். தூசி திருவண்ணாமலை மாவட்டம். ஒரு மாவட்டத்தில் மட்டும் முதலில் வரும் திட்டத்தை இம்முறையால் அளக்கலாம். ஆயினும் ஒன்று நகரோடு இணைந்தது, மற்றது சிற்றூர். ஆகவே நிலைகளை அன்று, மாற்றங்களையே ஒப்பிட வேண்டும். திட்டத்துக்கு முன் இரண்டும் ஒரே போக்கில் இருந்தனவா என்றும் பார்க்க வேண்டும்.

தறியும் சிறுவரும்

காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலைக்கு நெய்பவர் அருகே ஒரு துணையாள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவரே அமர்ந்தனர். பலர் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அமர்ந்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவில் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிலுக்கு விலக்களித்தது. தறியோ வீட்டிற்குள் இருக்கிறது! 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முற்றும் தடை செய்தபோதும், பள்ளி நேரத்திற்குப்பின் குடும்பத் தொழிலில் உதவ இடம் தந்தது. ஆகவே வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு சட்டத்தின் வெற்றியை அளக்க முடியாது.

கௌசிக் பாசுவும் பாம் ஹோங் வானும் 1998இல் ஒரு கருத்தை முன்வைத்தனர்: பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது அன்பின்மையால் அன்று, வறுமையால். சிறுவர் அனைவரும் வேலையிலிருந்து விலகினால் பெரியோர் கூலி உயரலாம். உயராவிடின் அவ்வீட்டு அடுப்பு அணையும். எனவே கூலி, கடன், பள்ளி மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

ஆற்றின் விலை

தோலின் விலையில் தோல் பதனிடுவோர் கூலி அடங்கும். கெட்டுப்போன கிணறு அடங்காது. இவ்வாறு விலையில் சேராத செலவை 1920இல் பிகு தம் நூலில் விளக்கினார். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று "மாசு செய்தவரே ஈடு செய்க" என்ற நெறியை ஏற்று, ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதித்தது. இழப்பை அளப்பது எப்படி? கிணற்று நீரின் உப்பு, குறைந்த விளைச்சல், தரிசான நிலம், குடிநீர் சுமக்கும் பெண்களின் நேரம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். கடைசியானதற்குக் கூலி இல்லை என்பதால், அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது.

முடிவுரை

சிலேட்டரின் மாணவர்கள் நம்மைப் போன்றவர்களே. அவர்கள் தொடங்கிய கணக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. வரும் விடுமுறையில் நம் தெருவின் பத்துத் தறிகளைக் கணக்கெடுப்போம்: நெய்பவர் யார், துணையாள் யார், சேலைக்குக் கூலி என்ன, முன்பணம் எவ்வளவு? நமக்குப்பின் வரும் மாணவர் அதே வீடுகளில் மீண்டும் கேட்கட்டும். அப்போது நம் குறிப்பேடும் ஆய்வாகும்.