தொகுப்பாசிரியர் பணி

பிறர் எழுதிய கதைகளைத் தொகுப்பது எளிய வேலை என்று எண்ணியிருந்தேன். ஆர்.கே.புரத்து அறையில் அமர்ந்து 'இட் ஹாப்பண்ட் டுமாரோ' என்ற நூலைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

விஞ்ஞானி பால் போண்ட்கே தொகுத்த அந்நூலை 1993-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. பல இந்திய மொழிகளின் விஞ்ஞானக் கதைகளைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் ஒரே நூலாகக் கோத்தார் அவர். நம் சுஜாதாவும் அதில் உண்டு. எனினும் மராத்திக் கதைகளே மிகுதி.

தாய்மொழிப் பற்றோ என்று ஐயுற்றேன். காரணம் பிறகு விளங்கிற்று. மராத்தி விஞ்ஞான் பரிஷத் கதைப்போட்டி நடத்தி வந்தது. 1974-இல் வானியல் அறிஞர் நார்லிகரே புனைபெயரில் எழுதிப் பரிசு பெற்றார். விளைந்த வயலில்தானே அறுக்க முடியும்!

நண்பர்களே, விளைந்ததைத் தேர்வது தொகுப்பாசிரியர் பணி. விதைப்பது நம் கடன். இம்மலரிலும் அத்தகைய போட்டி ஒன்று வைப்போமா? முதற் கதையை நான் தருகிறேன்.