கல்விக் கண் திறந்த நண்பர்கள்

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். ‘நண்பர்கள்’ என்றே தம்மை அழைத்துக்கொண்டனர். அமெரிக்காவில் அவர்களுள் சிலரும் அடிமைகளை வைத்திருந்தனர் என்பதை அறியும்போது நாம் வருந்துகிறோம். அத்தவற்றை இடித்துரைத்தவர்களுள் ஒருவர் அந்தோணி பெனசெட் என்னும் ஆசிரியர்.

1713இல் பிரான்சில் பிறந்த இவர், பிலடெல்பியா நகரில் பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்தினார். 1750 முதல் மாலை வேளைகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தம் இல்லத்திற்கே அழைத்துக் கற்பித்தார். 1754இல் நம்மைப் போன்ற பெண்களுக்கென்றும் ஒரு பள்ளி தொடங்கினார். கறுப்பின மக்களுக்கு அறிவு குறைவு என்று பலர் கூறிய காலம் அது. திறமை எல்லா இனத்தாருக்கும் பொது என்று தம் வகுப்பறை அனுபவத்தைக் கொண்டு மறுத்தார் பெனசெட். இவர் தூண்டுதலால் குவேக்கர்கள் 1770இல் அம்மக்களுக்கெனப் பள்ளி திறந்தனர். மனைவியின் காலத்திற்குப் பின் தம் உடைமை அப்பள்ளிக்குப் பயன்பட வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1784இல் இவர் மறைந்தார்.

அங்குப் பயின்ற ஜேம்ஸ் போர்ட்டன் என்னும் சிறுவன், பின்னாளில் கப்பற்பாய் செய்யும் தொழிலில் செல்வரானார். அடிமை ஒழிப்புக்கு வாரி வழங்கினார். அவருடைய பேத்தியே சார்லட் போர்ட்டன்.

அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என 1834இல் சட்டம் இயற்றிய மாநிலம் தென் கரோலினா. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல், அங்குள்ள புனித ஹெலனா தீவில் விடுதலை பெற்றோருக்காகப் பென் பள்ளி எழுந்தது. எலன் மரே என்னும் குவேக்கர் பெண்மணியும் தோழி லாரா டவுனும் அதனை நிறுவினர். அங்கே முதல் கறுப்பின ஆசிரியையாகச் சென்றவர் சார்லட். பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து எழுத்துக் கற்றனர்.

ஓர் இல்லத்தில் ஏற்றிய விளக்கு, நூறாண்டு கடந்து ஒரு தீவில் ஒளிர்ந்தது. நாம் பெறும் கல்வியும் நம்மோடு நின்றுவிடலாமா? எழுத்தறியாத ஒருவருக்கேனும் கற்பிப்போம், தோழியரே!