அம்மாயியிடம் கேட்டு எழுது

அன்புள்ள மருமகளே,

லாரா இங்கால்ஸ் வைல்டரின் புத்தகங்களைக் கீழே வைக்காமல் வாசிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அவற்றில் ஒன்றில் லாராவின் அப்பா ஒற்றை ஆணி இல்லாமல், மரமுளை அடித்தே கதவு செய்வாரே, எனக்கு மிகப் பிடித்த இடம் அது. வாசிக்கும் பிள்ளைக்குத் தானும் ஒரு கதவு செய்யலாம் என்று தோன்றிவிடும்.

லாரா பிறந்த 1867இல்தான் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவருக்கு மகியாவையில் கல்லறை இருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலிருந்தே காடு வெட்டியவர்கள் நம் மலையக ஆட்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியில் காலராவுக்குப் பலரைப் பறிகொடுத்து வந்தவர்கள்.

அமெரிக்காவில் 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கரைச் சொந்தமாக்கியது 1862ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே காட்டை அழித்தவனுக்கு ஒரு பேர்ச் காணி கிடைக்கவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. இன்னொன்றையும் மறக்காதே. கன்சாஸில் லாரா குடும்பம் குடியேறியது ஓசேஜ் பழங்குடி மக்களின் மண்ணில். இந்த மலைகளிலும் உறுதி இல்லாத சேனை நிலங்களை 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரியதாக்கியபோது இழந்தவர்கள் கண்டிச் சிங்கள விவசாயிகள். இரண்டு இடத்திலும் முன்பு அங்கே இருந்தது யார் என்று கேட்டுக்கொண்டே வாசி.

நம் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’யைக் கட்டாயம் படி. ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் ஆசையாக வாசிக்கும்படி லயத்து வாழ்க்கையை நீ எழுத வேண்டும் என்பது என் விருப்பம். அம்மாயியிடம் “கஷ்டப்பட்டீங்களா?” என்று கேட்காதே. “ஆமா” என்பார், பேச்சு முடிந்துவிடும். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் யார் யார் எங்கே படுத்தார்கள்? மழைக்காலத்தில் விறகை எங்கே காயவைத்தார்கள்? காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமானதை எப்படி அறிந்தார்கள்? கூடைக்கயிறு தலையை அறுக்காமலிருக்க என்ன வைத்தார்கள்? படங்குச் சாக்கை இடுப்பில் எப்படிச் சுற்றினார்கள்? கட்டிக் காட்டச் சொல், பார்த்து எழுது. அழுகையை மட்டும் எழுதினால் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் விடுபட்டுப்போகும். அது எனக்குப் பொறுக்காது.

லாரா முதலில் பெரியவர்களுக்காகத் தன் வாழ்க்கையை எழுதினார், யாரும் பதிப்பிக்கவில்லை. பிறகு சிறுவர்களுக்காக எழுதிய முதல் புத்தகம் 1932இல், அவருடைய 65ஆவது வயதில் வந்தது. உனக்குக் காலம் இருக்கிறது. அம்மாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. பொங்கல் லீவு வரட்டும் என்றிருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியோடு தோட்டத்துக்குப் போய் வா.

அன்புடன்,
மாமா